பேஸ்காரருக்கு முதல் பந்தி

மாடி பிடிச்சிருக்கில்ல? பிடிக்கும். காத்து நல்லா வரும், தண்ணிக்குக் கஷ்டமே கிடையாது, மொட்டை மாடிச் சாவியையும் உங்ககிட்டயே கொடுத்துடுவேன். ஆனா ஒரு விஷயம் இருக்கும்மா. அதை முதல்லயே சொல்லிடுறேன், பின்னாடி வந்து ஏன் சொல்லலைன்னு கேக்கக்கூடாது பாருங்க. உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

தினமும் சாயந்திரம் நாலு மணியிலேருந்து அஞ்சரை வரைக்கும் கீழேருந்து ஒரு சத்தம் வரும். சத்தம்னுகூடச் சொல்ல முடியாது. தும்... தும்தும்... தும்... அப்படின்னு தரை வழியா வரும். போன தடவை இருந்தவங்க அலமாரியில டம்ளர் எல்லாம் ஆடுதுன்னாங்க. அதுக்கு முன்னாடி இருந்தவங்க பக்கத்துத் தெருவுல யாரோ தண்ணிக்குப் போர் போடுறாங்கன்னு நினைச்சுக்கிட்டே ரெண்டு மாசம் இருந்தாங்க. போரும் இல்ல ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுக்காரரு பேஸ் கிட்டார் வாசிக்கிறாரு.

கிட்டார்னதும் நீங்க நினைக்கிறது இல்லம்மா. அதுக்கு ஆறு கம்பி. இதுக்கு நாலே கம்பி, ஒவ்வொண்ணும் துணி காயப் போடுற கொடி மாதிரி தடிமன். பாட்டுல இது எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. எனக்குப் பாட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா, அதையும் முதல்லயே சொல்லிடுறேன்.

இவரு யார்கிட்டயும் போய்க் கத்துக்கல. தானா கத்துக்கிட்டாரு. இங்க பொன்மலை ரயில்வே வொர்க்ஷாப்புல அப்ரண்டிஸா சேர்ந்த புதுசுல, சனிக்கிழமையானா ரயில்வே இன்ஸ்டிடியூட்ல சட்டைக்காரங்க, அதான் ஆங்கிலோ இந்தியன்காரங்க, டான்ஸ் வெப்பாங்களாம். உள்ள விட மாட்டாங்க. இவரு வெளிய ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாராம். எல்லாரும் ஆடுற பொண்ணுங்களைப் பார்த்தா இவரு அங்க பேஸ் வாசிக்கிற டக்ளஸ்னு ஒருத்தரோட விரலைப் பார்த்தாராம். நான் நம்பலை. முப்பத்து மூணு வருஷமா நான் நம்பலைன்னு சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்.

கிட்டார் வாங்க வழி கிடையாது. வொர்க்ஷாப்புல கழிச்ச ஒரு பலகையை எடுத்துட்டு வந்து, அதுல பென்சிலால நாலு கோடு போட்டு, ஒரு வருஷம் அதுல வாசிச்சிருக்காரு. சத்தமே வராத பலகை! அவங்க வீட்டுல மந்திரிக்கக்கூடக் கூட்டிட்டுப் போனாங்களாம். அப்புறம் அந்த டக்ளஸ் ஆஸ்திரேலியா போறப்ப கூப்பிட்டு, ஒரு வருஷமா ஜன்னல்ல நின்னியே, இந்தா, நீயே வெச்சுக்கோ, வாசின்னு கிட்டாரை நீட்டியிருக்காரு. இவரு வாங்கினதும் அந்த மனுஷன் விழுந்து விழுந்து சிரிச்சாராம். ஏன்னு கேளுங்க.

எதிர்ல நின்னு பார்த்துக் கத்துக்கிட்டாருல்ல? அவரு எந்தப் பக்கம் கை வெச்சாரோ அதே பக்கம் இவரும் வெச்சிருக்காரு. பந்தியில எதிர்ல உக்காந்தவனைப் பார்த்துச் சாப்பிடக் கத்துக்கிட்டு, இடது கையால பிசைஞ்ச மாதிரி. சோறு வலது கை, கையெழுத்து வலது கை, பேஸ் மட்டும் இடது கை. அதுவும் இடது கைக்காரங்க கம்பியை மாத்திக் கட்டிக்குவாங்களாமே, இவரு அதையும் செய்யல. கிட்டாரை அப்படியே கவுத்துப் பிடிச்சுக்குவாரு. தடிச்ச கம்பி கீழ, மெல்லிசு மேல. மாத்திக்கோன்னு எத்தனையோ பேரு சொல்லியாச்சு. இவரு எல்லாத்துக்கும் சரி சரிம்பாரு. செய்யத்தான் மாட்டாரு.

அப்புறம் முப்பது வருஷம் ஆர்கெஸ்ட்ரா. வேலை முடிஞ்சு சங்கு ஊதினதும் கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம்னு கிளம்பிடுவாரு. ரிட்டயர் ஆனதுலேருந்து தினமும் நாலு மணிக்கு வீட்டுல உக்காந்து வாசிக்கிறதுதான். கல்யாணமான புதுசுல ஒரு திருவிழாவுக்கு என்னைக் கூட்டிட்டுப் போனாரு. எங்க சித்தி கேக்கிறா, எவருடி உன் மாப்பிள்ளை, பாடுறவரா? இல்ல சித்தி. மேளம் அடிக்கிறவரா? இல்ல, அவருக்குப் பின்னாடி, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்துல பாதி முகம் தெரியுது பாருங்க, அவரு. அவரு என்னடி பண்றாரு அங்கன்னா! எனக்கு மானம் போச்சு.

ஆர்கெஸ்ட்ராவுல ஒரு வழக்கம் உண்டும்மா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. கல்யாண வீட்டுல பந்தி போட்டதும் ஒவ்வொருத்தரா போய்ச் சாப்பிட்டு வரணும். பாடுறவரை அனுப்ப முடியாது, பாட்டு நின்னுடும். டிரம்ஸ்காரரை அனுப்ப முடியாது. கீபோர்டை அனுப்பவே முடியாது. அப்ப யாரை முதல்ல அனுப்புவாங்க? பேஸ்காரரைத்தான்! போனாலும் தெரியாது, வந்தாலும் தெரியாது. முப்பது வருஷத்துல இவரு சாப்பிட்ட கல்யாணச் சாப்பாடு எல்லாமே முதல் பந்தி. கலெக்டருக்குக்கூட அந்த மரியாதை கிடையாதுன்னு நான் கேலி பண்ணுவேன். இவரும் சிரிப்பாரு. பாவம், சிரிக்கத்தான் செய்வாரு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்க சுகந்தி கல்யாணம். ஒரே பொண்ணு. கரூர்லேருந்து வரன் வந்துச்சு. பையன் கம்ப்யூட்டர் வேலை, தங்கமான பையன், சுகந்திக்கும் அவ்வளவு பிடிச்சுப் போச்சு. பையனோட அப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். அவரு பேசினா நமக்கே கையைக் கட்டிக்கணும்னு தோணும். பொண்ணு பார்க்க வந்தவரு காபியை ஒரு வாய் குடிச்சுட்டுச் சொல்றாரு, "எங்க அண்ணன் ஒருத்தன் ஆர்கெஸ்ட்ராவுல வாசிக்கிறேன்னு வீட்டை விட்டுப் போனான். பொண்டாட்டி புள்ளையைத் தவிக்க விட்டுட்டான். அதுலேருந்து கச்சேரி வாசல் மிதிச்சவன் வீட்டுல நாங்க கையே நனைக்கிறதில்ல"ன்னு.

வாயைத் திறந்தேன், அது பாட்டுக்கு வருது: "ஐயோ, எங்க வீட்டுல ரேடியோகூட மெதுவாத்தாங்க வெப்போம்!"

இவரு என்னைப் பார்த்தாரு. அந்த நேரம் பார்த்து சம்பந்தியம்மா கதவுக்குப் பின்னாடி கையைக் காட்டி, "அது என்னங்க, நீளமா, கறுப்பா?"ன்னாங்க. கிட்டார் பெட்டி! "இஸ்திரி போடுற பலகைங்க"ன்னேன். "இவ்வளவு நீளமா?" "இவரு வேட்டி தவிர வேற கட்ட மாட்டாருங்க, வேட்டிக்கு நீளம் வேணும்ல." பிறந்ததுலேருந்து பேண்ட்டும் கைலியுமா இருந்த மனுஷன். அதுக்கப்புறம் சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றப்பல்லாம் மொடமொடன்னு தேய்ச்ச வேட்டியில உக்காந்திருந்தாரு, பாவம்.

அவங்க போனதும் நான் சொல்லிட்டேன். இந்தாங்க, கல்யாணம் முடியிற வரைக்கும் இதைத் தொடக்கூடாது. ஹெட்மாஸ்டரோட தங்கச்சி இங்க சுப்ரமணியபுரத்துலயே ரெண்டு தெரு தள்ளி இருக்கா, அவ காதுல விழுந்தா அவ்வளவுதான். பொண்ணு வாழ்க்கை. சரின்னாரு. சுகந்திதான் குதிச்சா, "அப்பா வாசிக்காம என்னம்மா என் ரிசப்ஷன்?"னு. அவளையும் இவருதான் சமாதானம் பண்ணினாரு, "விடும்மா, நான் வாசிச்சா மட்டும் யாருக்குக் கேக்கப்போவுது"ன்னு. கிட்டாரைக் கொண்டுபோய் எதிர்வீட்டு லூர்து அக்கா வீட்டுக் கட்டிலுக்கு அடியில வெச்சோம்.

அஞ்சு மாசம். வீடு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? அப்படியொரு அமைதி. ஆனா எனக்குத்தான் நேரம் சரியில்ல. அந்த அஞ்சு மாசமும் நான் எதைச் செஞ்சாலும் கோணல். நாலரை மணிக்குச் சப்பாத்திக்கு மாவு பிசைவேன் எப்பவும். கை தடுமாறுது. ஒரு நாள் தண்ணியா போவுது, ஒரு நாள் கல்லு மாதிரி ஆவுது. மாவு சரியில்லைன்னு மில்லுக்காரரோட போய்ச் சண்டை போட்டேன். சோறு அடிபிடிக்குது. படியில இறங்கினா கால் தப்புது. டாக்டரம்மாகிட்டப் போனேன், பிரஷர் ஏறியிருக்குன்னாங்க. வீட்டுல ஏதாவது மாறியிருக்கான்னு கேட்டாங்க. ஒண்ணும் மாறலைங்க, எல்லாம் அப்படியேதான் இருக்கு, முன்னைக்கு இப்ப அமைதியாகூட இருக்குன்னேன். கல்யாண அலைச்சல்மா, வேற என்ன?

டிவி பார்க்கிறப்ப இவரு விரல் தொடையில ஓடிக்கிட்டே இருக்கும். சாப்பாட்டு மேஜையில ஓடும். ஒரு நாள் பஸ்ல என் முழங்கையிலயே ஓடுது! கையைத் தட்டிவிட்டேன். தட்டிவிட்டப்புறம் எனக்கே ஒரு மாதிரியாப் போச்சு. அதை விடுங்க.

ரிசப்ஷன் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயந்திரம். மறுநாள் காலையில ஆறு மணிக்கு முகூர்த்தம். மண்டபத்துக்குள்ள நுழையிறேன், மேடைக்குப் பக்கத்துல ஆர்கெஸ்ட்ரா! பையனோட ஆபீஸ் கூட்டாளிங்க அவனுக்கே சொல்லாம ஏற்பாடு பண்ணிட்டாங்களாம். ஹெட்மாஸ்டர் முகத்தைப் பார்க்கணுமே, விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி. ஆனா மகனோட கூட்டாளிங்களை என்ன சொல்ல முடியும்? ஒரு ஓரமா போய் நின்னுட்டாரு. நான் இவரு காதுல சொன்னேன், அந்தப் பக்கம் தலையைத் திருப்பக்கூடாது, தெரிஞ்சவங்க இருந்தாலும் சிரிக்கக்கூடாதுன்னு. சரின்னாரு.

அறுநூறு பேர் இருக்கும். பொண்ணு மாப்பிள்ளை நடுவுல, அவங்க ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம். ஒவ்வொருத்தரா வர்றாங்க, கையைப் பிடிக்கிறாங்க, போட்டோ எடுக்கிறாங்க, போறாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே நிக்கிறேன். பாட்டு பாட்டுக்கு ஓடுது. உண்மையைச் சொல்றேன்மா, அஞ்சு மாசத்துல அன்னிக்குத்தான் எனக்கு உடம்பு நல்லா இருந்துச்சு. பட்டுப்புடவை, நகை, அவ்வளவு வெயிட்டு, ஆனா கால் நல்லாத் தரையில ஊனி நிக்குது. பொண்ணு கல்யாணச் சந்தோஷம்னு நினைச்சுக்கிட்டேன்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். திடீர்னு கால் தடுமாறிச்சு. இன்னும் ஒரு படி இருக்குன்னு நினைச்சுக் காலை வெச்சு, அங்க படி இல்லாட்டி எப்படி இருக்கும்? அப்படி. ஐயோ பிரஷர், பொண்ணு ரிசப்ஷன்ல விழப்போறோம்னு பயந்து இவரு கையைப் பிடிச்சேன். பிடிச்சா, இவரு கை ஜில்லுனு இருக்கு. முகத்தைப் பார்த்தேன். நான் சொன்ன மாதிரியே அந்தப் பக்கம் திரும்பாம நேரா நிக்கிறாரு, ஆனா கண்ணு மட்டும் ஓரமா போவுது. நானும் அங்க பார்த்தேன். பாடுறவரு பாடுறாரு, டிரம்ஸ் அடிக்குது, கீபோர்டு, தபேலா எல்லாம் இருக்கு. ஒரு நாற்காலி மட்டும் காலி. நாற்காலியில பேஸ் கிட்டார் சாய்ஞ்சு கிடக்குது. அந்த மனுஷனைச் சாப்பிட அனுப்பிட்டாங்க!

அறுநூறு பேர்ல ஒருத்தர் திரும்பலைம்மா. குழந்தைங்க ஆடுதுங்க, கூட்டாளிங்க விசில் அடிக்கிறாங்க. எம் பொண்ணு ரிசப்ஷன்ல பாட்டுக்குக் கால் இல்ல, ஒரு ஆளுக்கும் அது தெரியலை. எனக்கு எங்கிருந்தோ ஒரு கோவம் வந்துச்சு.

"போங்க"ன்னேன்.

"எங்க?"

"போய் அதை எடுங்க."

"நாளைக்குத் தாலி கட்டணும்டி. சம்பந்தி நிக்கிறாரு."

"எனக்குத் தலை சுத்துது, எடுக்கப் போறீங்களா, நான் இங்கயே விழவா?"

சரின்னு அன்னிக்கு அவரு சொல்லல. சொல்லாமயே போயிட்டாரு. பட்டு வேட்டியோட போய் அந்த நாற்காலியில உக்காந்து, கிட்டாரை அப்படியே கவுத்து மடியில போட்டுக்கிட்டாரு. அடுத்தவங்க கிட்டார்தானே, ஆனா இவருக்கு எந்தக் கிட்டாரா இருந்தா என்ன, கவுத்தாப் போதும். கீபோர்டுக்காரரு திகைச்சுப் போய்த் திரும்பினாரு. இவரு ஒரு கம்பியைத் தொட்டாரு. அவ்வளவுதான், அந்தக் கீபோர்டுக்காரரு தலையை ஆட்டிட்டுத் திரும்பிக்கிட்டாரு.

எனக்குக் கால் தரையில ஊனி நின்னுடுச்சு. தலைசுத்தல் போயே போச்சு. சுகந்தி மட்டும் பார்த்துட்டா. மாலையோட நின்னுக்கிட்டு உதட்டைக் கடிச்சுக்கிட்டு அழுவுது, மை கரையுதுடின்னு அதட்டினேன். அதட்டி முடிக்கல, ஊர்க்காரங்களைப் பார்க்கக் கீழ இறங்கிப் போயிருந்த ஹெட்மாஸ்டர் மேடை ஏறி என்கிட்ட வர்றாரு.

"சம்பந்தி எங்கம்மா? எங்க ஊருப் பெரியவங்க வந்திருக்காங்க, எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுக்கணும்"ங்கிறாரு.

பத்தடி தள்ளி உக்காந்து வாசிக்கிறாரு. ஹெட்மாஸ்டருக்குத் தெரியல! சாப்பிடப் போயிருக்காருன்னு சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிக்கு வந்துடுச்சும்மா. இஸ்திரிப் பலகைன்னு சொன்ன வாய்தானே, இன்னொரு பொய் சொன்னா என்ன ஆயிடும்? நாளைக்கு ஆறு மணி, தாலி, அதோட முடிஞ்சுது. ஆனா வரலை. என்ன பண்ணினாலும் வரலை.

"அதோ, பேஸ் வாசிக்கிறாருங்க. முப்பது வருஷமா வாசிக்கிறாரு. நான்தான் உங்ககிட்டப் பொய் சொன்னேன். அவரு ஒண்ணும் சொல்லல, எம் பொண்ணும் சொல்லல. திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க. ஆனா அவரு எங்களை ஒரு நாளும் தவிக்க விட்டதில்லைங்க. எந்த ஊருக்குப் போனாலும் காலையில சங்கு ஊதுறதுக்கு முன்னாடி வீட்டுல இருப்பாரு."

ஹெட்மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாரு. எனக்கு உயிரு உயிரா இல்ல. பக்கத்துல சுகந்தி, மாப்பிள்ளை, வீடியோக்காரரு விளக்கை வேற எங்க மேல திருப்புறாரு. அப்புறம் ஹெட்மாஸ்டர் கேட்டாரு, "அவரு வாசிக்கிறது எதும்மா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"காதால கேக்காதீங்க. செருப்பைக் கழட்டிட்டு இந்த மேடைப் பலகையில நில்லுங்க"ன்னேன்.

ஹெட்மாஸ்டரையே நில்லுங்கன்னு சொல்லிட்டேன் பாருங்க! அவரும் பள்ளிக்கூடப் புள்ளை மாதிரி செருப்பைக் கழட்டிட்டு நின்னாரு. கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் குனிஞ்சு தன் காலைப் பார்த்தாரு. "ஆமா, கால்ல ஏறுது"ன்னாரு. கண்ணை மூடிக்கிட்டாரு. போட்டோக்காரரு சார் சார்னு கூப்பிட்டதுக்கு, "இருப்பா, பாட்டு முடியட்டும்"னாரு. பாட்டு முடிஞ்சதும் என்கிட்டச் சொல்றாரு, "எங்க அண்ணன் என்ன வாசிச்சான்னு ஒரு நாள்கூட நான் கேட்டதில்லம்மா"ன்னு. சொல்லிட்டு வெறுங்காலோட இறங்கிப் போயிட்டாரு. காலையில முகூர்த்தத்துக்கு முதல் ஆளா வந்து நின்னவரு அவருதான்.

அந்த நிஜப் பேஸ்காரரு ஐஸ்கிரீம் கப்போட வந்தாரு. தன் இடத்துல ஒரு பொண்ணோட அப்பா, கிட்டாரைக் கவுத்து வெச்சு வாசிக்கிறதைப் பார்த்துட்டு வாயைப் பிளந்து நின்னாரு. ஐஸ்கிரீம் கரைஞ்சு கையில ஒழுவுது, அது தெரியலை. இன்னும் ரெண்டு பாட்டு வாசிங்க சார்னு கெஞ்சினாரு. இவரு, "வேணாம் தம்பி, எம் பொண்ணு நிக்குது"ன்னு கொடுத்துட்டு வந்துட்டாரு.

வந்து என் பக்கத்துல நின்னாரு. வேர்த்துக் கொட்டுது. நான் முந்தானையைக் கொடுத்தேன், துடைக்கல.

"அந்தப் பேஸ்காரரு எழுந்து போனது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"ன்னாரு.

"எனக்கென்ன தெரியும்? கால் தடுமாறிச்சு."

"நீ அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. நான் பார்த்துக்கிட்டேதானே இருந்தேன்."

"அதான் சொல்றேனே, பிரஷர்னு."

"முப்பது வருஷம்டி"ன்னாரு. "நான் இல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டே எத்தனை கல்யாணத்துல போய் உக்காந்து சாப்பிட்டிருக்கேன். ஒரு வாய் இறங்கினதில்ல. கேக்க ஒரு ஆளு வீட்டுலயே இருந்திருக்கு."

சபையில, சம்பந்திங்க முன்னாடி, அறுநூறு பேர் பார்க்க, என் கையைப் பிடிச்சுக்கிட்டாரும்மா. விடுங்கன்னேன். விடல. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வருது, சிரிச்சு வெச்சேன்.

"நான் எங்கங்க கேட்டேன்? கால்தானே கேட்டுச்சு"ன்னேன்.